முதலில் சான்றிதழ், அப்புறம் திட்டம்: வாசகர் கேள்வி பதில்

பழங்குடியினர் நலத் திட்டங்களைப் பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த முறை பதில் எழுதுகிறேன். வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மனுக்கள் எந்த இடத்தில் நின்றுபோகும் என்பது எனக்குத் தெரியும்.

*நாங்கள் இருளர். திண்டிவனம் பக்கம் ஏரிக்கரையில் குடியிருக்கிறோம். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். எஸ்.டி. சான்றுக்கு எழுதிப் போட்டால், அப்பா அம்மாவின் சான்று எங்கே என்று கேட்கிறார்கள். நாங்கள் பள்ளிக்கூடமே போனதில்லை. என்ன செய்வது? – ஒரு தாய்*

அம்மா, பெற்றோரிடம் சான்று இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உங்கள் மகளைத் திருப்பி அனுப்புவது நியாயமே இல்லை. தமிழ்நாட்டில் எஸ்.டி. சான்றை தாசில்தார் தருவதில்லை. கோட்டாட்சியரோ சப் கலெக்டரோதான் தர வேண்டும். அதனால் இ-சேவை மையத்தில் பதிந்ததோடு விட்டுவிடாதீர்கள். குடியிருப்புக்கே வந்து விசாரிக்கும்படி கோட்டாட்சியருக்குத் தனியாக ஒரு மனு எழுதிக் கொடுங்கள். பெரியப்பா, சித்தப்பா, அத்தை என்று அப்பா வழியில் யாராவது ஒருவரிடம் சான்று இருந்தாலும் அதன் நகலை இணையுங்கள். அதைவிட வலுவான ஆதாரம் கிடையாது.

விசாரணைக்கு வருகிறவர்கள் உங்கள் கன்னியம்மன் வழிபாட்டைப் பற்றிக் கேட்பார்கள். மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போவதுண்டா, கல்யாணம் எப்படி நடக்கும், வயலில் எலி பிடிப்பீர்களா என்றெல்லாம் கேட்பார்கள். தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்லுங்கள். வயதான பாட்டி யாராவது இருந்தால் கூடவே உட்கார வையுங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு விசாரணையில் நானும் இருந்தேன். செங்கல் சூளையிலேயே பிறந்து வளர்ந்த பையன் அவன். "பாம்பு பிடிக்கத் தெரியுமா?" என்று கேட்டார்கள். தெரியாது என்று தலையாட்டினான். கோப்பில் "பழங்குடிப் பழக்கங்கள் காணப்படவில்லை" என்று எழுதிவிட்டார்கள். முன்பணத்துக்காகக் குடும்பத்தோடு சூளையில் அடைபட்டுக் கிடந்த பிள்ளை பாம்பு பிடிக்க எங்கே கற்றுக்கொள்வான்? இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது. இடம் பெயர்ந்தும் காலம் மாறியும் பழக்கவழக்கங்கள் மாறிப்போகலாம், அதை மட்டுமே உரைகல்லாக வைத்து முடிவு செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. உங்களிடமும் யாராவது அப்படிக் கேட்டால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

மறுத்துவிட்டால், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ச்சொல்லை வைத்து மேல்முறையீடு செய்ய முடியாது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும். பழங்குடியினருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் வைத்துத் தருவார்கள்.

*ஜன்மன் திட்டத்தில் எல்லாப் பழங்குடியினருக்கும் வீடு உண்டா? – வாசகர், ஏற்காடு*

இல்லை. 2023 நவம்பர் 15-இல் தொடங்கிய பிரதமரின் ஜன்மன் திட்டம், மிகவும் பின்தங்கிய நிலையில் உள்ள பழங்குடியினருக்கானது. தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய 6 சமூகங்கள் அதில் வருகின்றன. 2024 அக்டோபர் 2-இல் தொடங்கிய தர்தி ஆபா திட்டம் மற்ற பழங்குடிக் கிராமங்களுக்கும் பொருந்தும். உங்கள் ஊர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேளுங்கள். வீடு கட்ட மனை வேண்டும். ஏரிப் புறம்போக்கில் இருப்பவர்கள் முதலில் வேறு இடத்தில் மனைப் பட்டா கேட்டு மனு கொடுக்க வேண்டும். அதற்கும் சாதிச் சான்று கேட்பார்கள். மேலே சான்றைப் பற்றி இவ்வளவு நீட்டி எழுதியது அதனால்தான்.

*நாங்கள் மலையாளி என்ற மலைவாழ் இனம், கேரளத்துக்காரர்கள் இல்லை. சேலம் மாவட்டம் சேர்வராயன் மலையில் இருக்கும் என் மச்சானுக்கு எஸ்.டி. சான்று உண்டு. எனக்குக் கிடையாது. இது என்ன நியாயம்? – கடம்பூர் மலை, ஈரோடு மாவட்டம்*

தம்பி, உங்கள் கோபம் நியாயமானது. பழங்குடியினர் பட்டியலில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்திலேயே தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி என்று மாவட்டங்களைக் குறித்துவிட்டார்கள். கோவை அதில் இல்லை. 1979-இல் கோவையிலிருந்து பிரிந்ததுதான் ஈரோடு. ஒரே தெய்வத்தைக் கும்பிட்டு, பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற இரண்டு குடும்பங்களை மாவட்ட எல்லை பிரித்துவிட்டது. கோட்டாட்சியரால் இதை மாற்ற முடியாது, முதலமைச்சராலும் முடியாது. அரசியல் சாசனத்தின் 342-ஆம் பிரிவின்படி நாடாளுமன்றம்தான் திருத்த வேண்டும். நரிக்குறவர்களைச் சேர்க்கும் மசோதா 2022 டிசம்பரில் அப்படித்தான் நிறைவேறியது.

ஆனால் அதுவரை காட்டு நிலத்துக்கு உரிமை கேட்காமல் இருக்க வேண்டாம். வன உரிமைச் சட்டத்தில் "பிற மரபுவழி வனவாசிகள்" என்றும் ஒரு பிரிவு இருக்கிறது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பே மூன்று தலைமுறையாக, அதாவது 75 ஆண்டுகள், அங்கே வாழ்ந்ததைக் காட்டினால் நீங்களும் மனு செய்யலாம். எஸ்.டி. சான்று உள்ளவர்களுக்கு இந்த 75 ஆண்டு நிபந்தனை இல்லை.

*தாத்தா காலத்திலிருந்து ராகி விதைக்கிற நிலம். கையில் ஒரு காகிதமும் இல்லை. சாட்டிலைட் படத்தில் தெரியவில்லை என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள். – சோளகர் இளைஞர், தாளவாடி*

சாட்டிலைட் படம் மற்ற ஆதாரத்துக்குத் துணையாக வரலாமே தவிர, அதற்கு மாற்றாக வர முடியாது. வன உரிமைச் சட்டத்தின் விதியிலேயே அப்படித்தான் இருக்கிறது. இரண்டு ஆதாரங்கள் போதும். நீங்கள் போட்ட வரப்பு, குடிசை, பழைய கிணறு, தாத்தாவைப் புதைத்த இடம், குலதெய்வத்துக் கல், எல்லாமே ஆதாரம்தான். மனுதாரர் அல்லாத ஊர்ப் பெரியவர் சொல்வதை எழுதி வாங்கினால் அதுவும் ஆதாரம். முடிவு வந்து 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள். கிராம சபையின் முடிவு என்றால் உட்கோட்டக் குழுவுக்கும், உட்கோட்டக் குழுவின் முடிவு என்றால் மாவட்டக் குழுவுக்கும் போக வேண்டும். உரிமை கிடைத்தால் அது பிள்ளைகளுக்குச் சேரும், ஆனால் விற்க முடியாது. கல்யாணமானவர் என்றால் கணவன், மனைவி இருவர் பெயரிலும்தான் பட்டா தர வேண்டும். கையெழுத்துப் போட்டு வாங்கும்போதே அதைப் பார்த்துவிடுங்கள்.