அஞ்சு மணிக்குள்ளன்னா பை-யா, டில்-லா, வித்தின்-னா?

வாசகர் ஒருத்தர் கேட்டிருக்காங்க: ரிப்போர்ட்டை 5 மணிக்குள்ள அனுப்பிடுறேன்னு சொல்ல "ஐ வில் செண்ட் டில் ஃபைவ்"னு சொல்லிட்டேன், மீட்டிங்ல எல்லாரும் சிரிச்சாங்க, எதுதான் கரெக்ட்?

சிரிப்பு ஏன் வந்துச்சுன்னா, நீங்க சொன்னதுக்கு "5 மணி வரைக்கும் அனுப்பிக்கிட்டே இருப்பேன்"னு அர்த்தம். இதுக்கு கிராமர் புக்கெல்லாம் வேணாங்க, விடை தமிழ்லயே இருக்கு. மனசுல "வரைக்கும்"னு வந்தா டில் இல்லன்னா அன்டில் (ரெண்டும் ஒண்ணுதான், டில் ஒண்ணும் சுருக்கம் இல்ல, அதுதான் பழைய வார்த்தை). "க்குள்ள"ன்னு வந்தா பை. 6 மணி வரைக்கும் இருப்பேன், டில் சிக்ஸ். 6 மணிக்குள்ள கிளம்பிடுவேன், பை சிக்ஸ்.

வித்தின் எப்பன்னா, "க்குள்ள"க்கு முன்னாடி வர்றது நேரத்தோட அளவா இருந்தா மட்டும். வித்தின் டூ ஹவர்ஸ் சரி, வித்தின் ஃபைவ் ஓ க்ளாக் தப்பு, நம்ம ஆளுங்க தினம் பத்து தடவை சொல்றது இதைத்தான். இன் டூ ஹவர்ஸ்னு சொல்லிடாதீங்க, 2 மணி நேரம் கழிச்சுதான் வரும்னு எடுத்துப்பாங்க.

தயவுசெஞ்சு "30 நாள்ல சரளமா இங்கிலீஷ்"னு சொல்றவங்ககிட்ட பணத்தைக் கட்டாதீங்க. எங்கிட்ட வர்றவங்க பாதிப்பேர் அங்க போய்ட்டு வந்தவங்கதான், கையில ப்ரிபோசிஷன் (பை, டில் மாதிரி சின்ன வார்த்தைங்க) லிஸ்ட் வச்சிருப்பாங்க, மனப்பாடமா ஒப்பிப்பாங்க, ஆனா போன்ல "எப்ப முடியும்?"னு கேட்டா வாய் வராது. ஸ்கூலும் அதே கதைதான், கோடிட்ட இடத்தை நிரப்பி நிரப்பியே பன்னெண்டாவது வரைக்கும் தள்ளி விட்டுட்டாங்க, ஒரு நாளாவது பேச விட்டாங்களா?

தமிழ் காலை வாருற இடம் ஒண்ணு இருக்கு. "அவர் வராத வரைக்கும் ஆரம்பிக்க முடியாது"ன்னு யோசிச்சு அன்டில் ஹி டஸின்ட் கம்னு சொல்லிடுறோம். அன்டில்குள்ளயே அந்த "வராத" இருக்கு, மறுபடி நாட் போடக்கூடாது, அன்டில் ஹி கம்ஸ், அவ்ளோதான். "வராத வரைக்கும்"ஐ "வர்ற வரைக்கும்"னு மாத்திட்டு அப்புறம் வாயைத் திறங்க. அதே மாதிரி ஐ வோன்ட் ஃபினிஷ் அன்டில் ஃபைவ்னா 5 மணி ஆனாதான் முடியும், ஐ வோன்ட் ஃபினிஷ் பை ஃபைவ்னா 5 மணிக்குள்ள முடியாது, எப்ப முடியும்னு நீங்க சொல்லவே இல்ல. மேனேஜர் அடுத்து அதைத்தான் கேப்பாரு.