டார்ச் லைட் ஸ்பிரிங்கில் ரிவெர்ப் வருமா?

கேள்வி: வீட்டு அறையிலேயே கானா பதிவு செய்கிறோம். ஒரு மைக், இரண்டு இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு லேப்டாப், அவ்வளவுதான். சாஃப்ட்வேர் ரிவெர்ப் (குரலுக்குப் பின்னால் எதிரொலி மாதிரி நீளும் சத்தம்) என்ன செய்தாலும் குரலோடு ஒட்ட மாட்டேன் என்கிறது. சத்தத்தை ஸ்பிரிங் வழியாக விட்டு எடுக்கும் ஸ்பிரிங் ரிவெர்பை நாங்களே செய்ய முடியுமா? டார்ச் லைட் ஸ்பிரிங் போதுமா?
வாசகர், வியாசர்பாடி

செய்யலாம், ஆனால் டார்ச் ஸ்பிரிங் வேண்டாம், அது குட்டை, விறைப்பும் அதிகம். மெல்லிய கம்பியில் நெருக்கமாகச் சுற்றிய, விரலால் தட்டினால் நடுங்கிக்கொண்டே இருக்கிற நீள ஸ்பிரிங் இரண்டு தேடுங்கள், நீளம் ஒன்றுபோல இருக்கக் கூடாது. கடையில் வரும் நீள டேங்கிலேயே (ஸ்பிரிங் ரிவெர்ப் பெட்டி) ஒரு ஸ்பிரிங்கில் சத்தம் போய்ச் சேர சுமார் 33 மில்லி செகண்ட், அடுத்ததில் 41. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் கிணற்றுக்குள் கத்திய மாதிரி ஆகிவிடும்.

ஸ்பிரிங்கைத் தொங்கவிடுவது அரை மணி நேர வேலை. சத்தத்தை அதற்குள் தள்ளுவதும் வெளியே எடுப்பதும்தான் மீதி நாளைத் தின்னும். இரண்டடிப் பலகையின் ஒரு முனையில் 3 இஞ்ச் ஸ்பீக்கர், அதன் கோன் நடுவில் ஒரு பாட்டில் மூடித் துண்டை ஒட்டி ஸ்பிரிங்கை மாட்டுங்கள். மறுமுனையில் பஸ்ஸருக்குள் இருக்குமே அந்தப் பித்தளை பியஸோ தட்டு, நடுக்கத்தை மின் சிக்னலாக மாற்றுவது அதுதான். தட்டின் வெள்ளைப் பகுதியில் சால்டரிங் இரும்பை ஒரு நொடி தொட்டு எடுத்துவிடுங்கள். நிதானமாக வைத்துப் பிடித்து மேல்பூச்சையே உரித்து நான் மூன்று தட்டு வீணாக்கியிருக்கிறேன். பியஸோவை லைன் இன்புட்டில் சொருகினால் சத்தம் ஈர்க்குச்சி மாதிரி மெலிந்து வரும், கிடாருக்கான ஹை-இம்பீடன்ஸ் இன்புட்டில் போடுங்கள்.

ஸ்பீக்கரை ஓட்ட சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கிற பிஏஎம் 8403 என்ற குட்டி ஆம்ப்ளிஃபயர் போர்டு போதும், 5 வோல்ட். மொபைல் சார்ஜரில் கொடுத்தால் சில சமயம் சன்னமாகக் கிச்சுக்கிச்சு என்று கேட்கும், பவர் பேங்க்கில் ஓட்டினால் அந்தத் தொல்லை இல்லை. அப்புறம் முக்கியமானது, அந்த போர்டில் ஸ்பீக்கர் மைனஸை எர்த்தோடு சேர்க்கவே கூடாது.

பாட்டைப் பதிவு செய்து முடித்தபின், குரலை மட்டும் சோலோ போட்டு ஹெட்போன் அவுட்டிலிருந்து போர்டுக்கு அனுப்பி, திரும்பி வருவதை இன்னொரு டிராக்கில் பிடியுங்கள். அந்தப் புது டிராக்கின் மானிட்டரை (உள்ளே வரும் சத்தத்தை அப்படியே வெளியே கேட்கவிடும் பட்டன்) அணைக்க மறந்தால் சத்தம் சுற்றிச் சுற்றி வந்து கத்தும், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். அனுப்பும்போதே 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். மேலே 4,000, 5,000 ஹெர்ட்ஸைத் தாண்டி ஸ்பிரிங் பெரிதாக ஒன்றும் தராது, அந்த மங்கல்தான் குரலுக்குப் பின்னால் பதவிசாகப் போய் உட்கார்கிறது என்பது என் எண்ணம். பெரிய மண்டபத்தில் பாடுகிற மாதிரி கேட்க வேண்டும் என்றால் இது சரிப்படாது. இது ஸ்பிரிங் சத்தம்தான், 1961ல் கிடார் கம்பெனியான ஃபெண்டர் தனிப் பெட்டியாக விற்றபோதும் அதே சத்தம்தான்.

ஒன்று சொல்ல மறந்தேன். உங்கள் ஏரியாவில் தண்டவாளம் பக்கம் வீடு என்றால் பலகையை மேஜையில் வைக்காதீர்கள். மின்சார ரயில் போகிறபோதெல்லாம் பாட்டுக்குள் ‘டொய்ங்’ விழும். பழைய மெத்தை ஸ்பாஞ்சைத் தடிமனாக அடியில் கொடுங்கள்.

கேள்வி: காயலான் கடையில் ஒரு உடைந்த ஆம்ப்ளிஃபயருக்குள் நீளத் தகரப் பெட்டி கிடைத்தது. மேலே 4ஏபி3சி1பி என்று இருக்கிறது. மீட்டர் வைத்தால் ஒரு பக்கம் ஷார்ட் காட்டுகிறது. தூக்கிப் போடவா?
வாசகர், ராயபுரம்

ஐயோ, போட்டுவிடாதீர்கள்! அது அசல் ரிவெர்ப் டேங்க், உங்களுக்கு யோகம்தான். முதல் எழுத்து 4 என்றால் இரண்டு ஸ்பிரிங் உள்ள நீள வகை, ஏ என்றால் இன்புட் 8 ஓம், அடுத்த பி அவுட்புட் 2,250 ஓம், 3 என்றால் நீண்ட நேரம் இழுக்கும். அந்த 8 ஓம் என்பது 1 கிலோஹெர்ட்ஸில் உள்ள கணக்கு. டிசி மீட்டரில் இன்புட் காயில் (கம்பிச் சுருள்) ஒரு ஓமுக்கும் கீழேதான் காட்டும், அது ஷார்ட் இல்லை. அவுட்புட் பக்கம் 200 ஓம் பக்கத்தில் காட்டினால் இரண்டு காயிலும் உயிரோடு இருக்கின்றன. ஓபனாகக் காட்டினால்தான் கவலை, அப்போதும் பெரும்பாலும் உள்ளே மயிரிழை ஒயர் சாக்கெட்டில் விட்டுப்போயிருக்கும், லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

எல்எம்386 என்ற சின்ன ஆம்ப்ளிஃபயர் ஐசி ஒன்றில், வரிசையாக 10 ஓம் ரெசிஸ்டர் போட்டு ஓட்டுங்கள். வெளியே வருவது சில மில்லிவோல்ட்தான், மைக் சிக்னலைப் பெருக்குகிற மாதிரி பெருக்க வேண்டும். மைக் இன்புட்டில் கொடுப்பதானால் முதலில் இன்டர்ஃபேஸ் மைக்குக்கு அனுப்பும் 48 வோல்ட் பேன்டம் பவரை அணையுங்கள். ‘ம்ம்’ என்று ஹம் வந்தால் பதறாமல் பெட்டியைக் கையில் பிடித்து மெதுவாகத் திருப்பிப் பாருங்கள், ஏதோ ஒரு திசையில் ஹம் சட்டென்று குறையும். அவுட்புட் முனை எந்த டிரான்ஸ்ஃபார்மருக்கும் அருகில் இருக்கக் கூடாது. கடைசியில் என் பெட்டி நின்ற இடம் அரிசி டிரம்முக்குப் பின்னால்.

கேள்வி: டோலக்கையும் ஸ்பிரிங்கில் விடலாமா?
வாசகர், புளியந்தோப்பு

வேண்டாம். ஒவ்வொரு அடிக்கும் கட்டில் உடைந்த மாதிரி கேட்கும். வேண்டுமானால் கடைசிச் சரணம் முடிகிற இடத்தில் ஒரே ஒரு அடிக்கு மட்டும் விடுங்கள், அது அட்டகாசமாக இருக்கும்.