மஞ்சள் டாக்ஸியும் ஓடும் டைமரும்: வாசகர் கேள்வி-பதில்

போன இதழில் காசு போட்டு ஆடும் பழைய ஆர்கேட் விளையாட்டுகளைப் பற்றி நாலு வரி எழுதினாலும் எழுதினேன், வந்த கடிதங்களில் பாதி டாக்ஸி கேம்களைப் பற்றித்தான். அதனால் இந்த முறை முழுக்க அதுவே.

கே: சின்ன வயதில் 'கிரேஸி டாக்ஸி' விளையாடிப் பைத்தியமாகத் திரிந்தவன் நான். இப்போது 'டாக்ஸி கேயாஸ்' என்று ஒன்று கண்ணில் பட்டது. அதே மஞ்சள் வண்டி, தலைக்கு மேல் அதே அம்புக்குறி, அதே அவசரம். அப்பட்டமான காப்பிதானே சார்? வாங்கலாமா?

ப: காப்பிதான், செய்தவர்களும் அதை மறைக்கவில்லை. சேகா நிறுவனம் 1999-இல் 'கிரேஸி டாக்ஸி'யை ஆர்கேடுக்குக் கொண்டுவந்தது. கென்ஜி கன்னோ இயக்கத்தில் ஹிட்மேக்கர் குழு உருவாக்கியது, அடுத்த ஆண்டே சேகாவின் வீட்டு கேம் கருவியான டிரீம்காஸ்ட்டுக்கும் வந்துவிட்டது. 'டாக்ஸி கேயாஸ்' 2021 பிப்ரவரியில் வந்தது, செய்தது நெதர்லாந்தின் டீம்6 ஸ்டுடியோ. அங்கே சான் பிரான்சிஸ்கோ சாயலில் மேடும் பள்ளமுமாக ஒரு ஊர், இங்கே நியூயார்க் சாயலில் 'நியூ யெல்லோ சிட்டி'. வின்னி, கிளியோ என்று இரண்டு டிரைவர்கள். சேகா அந்த வண்டியை வருஷக்கணக்கில் ஷெட்டில் போட்டு வைத்திருந்தபோது வேறு யாரோ அதே மாதிரி ஒன்றைச் செய்து ஓட்டினால் அதில் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. எதை எடுத்துக்கொண்டார்கள், எதை விட்டார்கள் என்பதில்தான் எனக்குக் குறை.

பழைய கேமில் வண்டி ஓட்டுவது ஒரு சாக்கு, உண்மையில் நாம் விளையாடுவது கடிகாரத்தோடு. அதில் இரண்டு கடிகாரங்கள் ஓடும், மொத்த ஆட்டத்துக்கு ஒன்று, வண்டியில் உட்கார்ந்திருக்கும் பயணிக்கு ஒன்று. ஆளை ஏற்றினால் கொஞ்சம் நேரம் கிடைக்கும், வேகமாகக் கொண்டுபோய் இறக்கினால் இன்னும் கொஞ்சம். தாமதமானால் பயணி காசு தராமல் ஓடும் வண்டியிலிருந்தே குதித்துப் போய்விடுவார். ஒரு சுவரில் இடித்து வண்டியைத் திருப்புவதற்குள் உயிர் போய்விடும், அந்தப் பதற்றம்தான் கேம். அந்த முதல் கேமில் இல்லாமல் 'டாக்ஸி கேயாஸ்' தந்தது குதிக்கும் பட்டன். நின்ற இடத்திலேயே வண்டி எம்பிக் குதிக்கும், முன்னால் போகிற காரைத் தாண்டலாம், கூரை மேல்கூட ஏறலாம். முதலில் ஜாலியாகத்தான் இருக்கிறது. ஆனால் எதிரில் கார் வந்தாலே குதித்துவிடலாம் என்று ஆனபிறகு, இரண்டு கார்களுக்கு நடுவே உரசாமல் நுழைகிற அந்தக் கை நடுக்கம் போய்விடுகிறது. போதாக்குறைக்குப் பயணிகள் பேசியதையே திரும்பத் திரும்பப் பேசுகிறார்கள்.

சரி, வாங்கலாமா? தள்ளுபடியில் கிடைத்தால் வாங்குங்கள். வாங்கினால் ப்ரோ மோட் என்று ஒன்று இருக்கிறது, அதில் அம்புக்குறி கிடையாது, ஊரை நீங்களே மனப்பாடம் செய்துதான் ஓட்டவேண்டும். அந்தக் கேமில் உருப்படியான பகுதி அதுதான், பலர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

கே: அந்த அம்புக்குறி ஏன் எப்போதும் கட்டடத்தையே காட்டுகிறது? அதை நம்பிப் போய் முட்டிக்கொள்வதே வேலையாகிவிட்டது.

ப: அது திசை காட்டுகிற அம்பு, உங்கள் போனில் இருக்கும் மேப் மாதிரி திருப்பத்துக்குத் திருப்பம் கூடவே வராது. குறுக்கு வழி, படிக்கட்டு, பூங்கா நடுவே பாயும் பாதை எதுவும் அதற்குத் தெரியாது. ஆரம்பத்தில் அதைப் பார்த்து ஓட்டுங்கள், ஊர் பழகியதும் ஓரக்கண்ணால் பார்த்தால் போதும்.

இந்த அம்புக்கு ஒரு கோர்ட் கதையும் உண்டு. இலக்கு எங்கே என்று மிதக்கும் அம்பால் காட்டுவதும், வண்டியைச் சுற்றி கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆபத்து வட்டம் வைத்து அதற்குள் வரும் பாதசாரிகள் தாமாகவே துள்ளி விலகுவதும் சேகா அமெரிக்காவில் வாங்கிய காப்புரிமைக்குள் வருகின்றன. 2001-இல் அது பதிவானது. அதே வருஷம் 'சிம்ப்ஸன்ஸ்: ரோட் ரேஜ்' என்று ஒரு கேம் வந்தது, ஆளை ஏற்று, அம்பைப் பார், நேரத்துக்குள் இறக்கு என்று அச்சு அசல் அதே ஆட்டம். 2003-இல் சேகா வழக்குப் போட்டது, அந்தக் கேமுக்குப் பின்னால் இருந்த ஃபாக்ஸ், எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ், ராடிகல் மூன்று நிறுவனங்கள் மீதும். கடைசியில் கோர்ட்டுக்கு வெளியே பேசி முடித்துக்கொண்டார்கள். அமெரிக்கக் காப்புரிமை ஆயுள் பொதுவாக விண்ணப்பித்ததிலிருந்து 20 ஆண்டு, அது முடிந்த பிறகுதான் இத்தனை டாக்ஸி கேம்கள் வருகின்றன. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்பது என் சொந்த ஊகம், வழக்கறிஞர்கள் யாரும் அடிக்க வரவேண்டாம்.

கே: கம்ப்யூட்டரில் பழைய 'கிரேஸி டாக்ஸி'யை வாங்கினேன். அந்தப் பாட்டு எங்கே?

ப: இதே கேள்வியைப் பலர் கேட்டிருக்கிறீர்கள், குரலில் வருத்தமும் தெரிகிறது. ஆர்கேடிலும் டிரீம்காஸ்ட்டிலும் ஒலித்தது தி ஆஃப்ஸ்ப்ரிங், பேட் ரிலிஜியன் என்ற இரண்டு பங்க் ராக் குழுக்களின் பாடல்கள். 2010 வாக்கில் டவுன்லோட் பதிப்பாக மறுபடி வெளியிட்டபோது அந்தப் பாடல்கள் போய் வேறு பாடல்கள் வந்தன. பாட்டு மட்டுமில்லை, பயணிகள் போகச் சொல்லும் பிஸ்ஸா ஹட், கேஎஃப்சி, டவர் ரெக்கார்ட்ஸ் போன்ற நிஜக் கடைகளும் பெயர் மாறிவிட்டன. லைசென்ஸ் விவகாரம், வேறென்ன. நீங்களே பழைய பாடல்களைப் பின்னணியில் ஓடவிட்டுக்கொண்டு விளையாடுங்கள், முக்கால்வாசி சுகம் திரும்பிவிடும். அந்த முதல் கிடார் ஒலியும் ஆக்ஸிலரேட்டரும் சேர்ந்து வந்தால்தான் கை தானாக வேகமெடுக்கிறது என்பதைப் புதிதாக கேம் செய்கிறவர்கள் யாரும் கண்டுகொள்வதில்லை.

கே: எவ்வளவு முயன்றாலும் ஆட்ட முடிவில் மதிப்பெண் மாதிரி தரும் லைசென்ஸ் 'ஈ', 'டி' என்று கடைசிப் படிகளிலேயே நிற்கிறது. என் தம்பி அசால்ட்டாக 'எஸ்' வாங்குகிறான். என்ன ரகசியம்?

ப: தம்பியின் இடது பெருவிரலைப் பார்க்காதீர்கள், வலது கையைப் பாருங்கள். அவன் கிரேஸி டேஷ் போடுகிறான். நின்ற வண்டியில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து கையை எடுத்துவிட்டு, டிரைவ் கியரையும் ஆக்ஸிலரேட்டரையும் ஒரே நொடியில் சேர்த்து அழுத்தவேண்டும், வண்டி வில்லிலிருந்து விட்ட மாதிரி கிளம்பும். ஓடிக்கொண்டிருக்கும்போதும் இதைப் போடலாம், ஆக்ஸிலரேட்டரை விட்டு, ரிவர்ஸைத் தட்டி, உடனே டிரைவும் ஆக்ஸிலரேட்டரும் ஒன்றாக. முதலில் விரல் சிக்கிக்கொள்ளும். அரை நொடி முந்தினாலும் பிந்தினாலும் வண்டி சாதாரணமாகத்தான் நகரும். இது கைவந்துவிட்டால் பாதி ஆட்டம் உங்களுடையது, ஏனென்றால் ஒவ்வொரு பயணியை இறக்கிய பிறகும் நின்ற நிலையிலிருந்துதான் கிளம்பவேண்டும், அங்கேதான் எல்லாருக்கும் நேரம் ஒழுகிப்போகிறது.

அப்புறம் ஆளைத் தேர்ந்தெடுப்பது. பயணியைச் சுற்றி இருக்கும் வட்டம் சிவப்பு என்றால் பக்கத்துச் சவாரி, பச்சை என்றால் தூரம், ஆரஞ்சும் மஞ்சளும் நடுவே. புதிதாக ஆடுகிறவர்கள் பச்சையைக் கண்டதும் பணத்துக்கு ஆசைப்பட்டு ஓடுவார்கள். போய் இறக்கிய இடத்தில் அடுத்த சவாரிக்கு ஆள் இருக்கிறாரா என்று யார் பார்ப்பது? பயணிகள் நிற்கும் இடங்கள் பெரும்பாலும் மாறாதவை, அதனால் எங்கே இறக்கினால் பக்கத்திலேயே இன்னொருவர் நிற்பார் என்று நாலைந்து ஆட்டத்தில் பிடிபட்டுவிடும். கூட்டமான தெருவில் இரண்டு மூன்று சிவப்பு வட்டங்களை மடமடவென்று முடித்து நேரத்தைச் சேர்த்துக்கொண்டு, அப்புறம் ஒரு பச்சை. நான் ஆடுவது அப்படித்தான்.

டிப்ஸை மறக்காதீர்கள். மற்ற கார்களை உரசாமல் நெருங்கிப் போனால் பயணி கத்திக்கொண்டே காசு தருவார், தொடர்ந்து செய்யச் செய்ய தொகை ஏறும், ஒரே ஒரு இடி போதும், மறுபடி முதலிலிருந்து.

கே: இந்த மாதிரி கேம் விளையாடினால் நிஜத்தில் நன்றாக வண்டி ஓட்ட வருமா?

ப: வராது. தயவுசெய்து முயற்சி செய்யாதீர்கள்.

கே: டாக்ஸியே ஹீரோவாக இருக்க வேண்டும், ஆனால் இந்த டைமர் என் ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது. வேறு ஏதாவது?

ப: உங்களுக்காகவே ஒன்று இருக்கிறது. இத்தாலியின் பானிக் ஆர்கேட் உருவாக்கி 2024 ஏப்ரலில் வந்த 'யெல்லோ டாக்ஸி கோஸ் வ்ரூம்'. சாவி கொடுத்து ஓடவிடும் பொம்மை டாக்ஸிதான் நாயகன், குதித்துக் குதித்து முன்னேறும் பழைய முப்பரிமாண பிளாட்ஃபார்மர் கேம்களைப் போல ஊர் ஊராகச் சுற்றிப் பொருள்களைச் சேர்க்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால் அப்படிப்பட்ட கேமில் குதிக்கும் பட்டனே இல்லை. சாய்வான பலகையில் ஏறிப் பாய்ந்தோ, டேஷைப் பாதியில் நிறுத்தி வண்டியைக் குட்டிக்கரணம் போடவைத்தோதான் மேலே போகமுடியும். 'டாக்ஸி கேயாஸ்' குதிக்கும் பட்டனைச் சேர்த்து ஆட்டத்தை எளிதாக்கியது, இவர்கள் அதைப் பிடுங்கிக்கொண்டு நம்மை ஓட்டவைத்தார்கள். பார்க்கக் குழந்தைத்தனமாகத் தெரியும், பிந்தைய கட்டங்கள் அப்படி இல்லை. 'கிரேஸி டாக்ஸி'யின் நிஜ வாரிசு எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன், சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

பறக்கும் டாக்ஸி வேண்டுமென்றால் 2023-இல் வந்த 'மைல் ஹை டாக்ஸி'. அதில் இடம் வலம் போதாது, மேலும் கீழும் யோசிக்கவேண்டும். எனக்குத் தலை சுற்றியது.

கே: சேகாவே புதிய 'கிரேஸி டாக்ஸி' கொண்டுவருகிறதாமே?

ப: 2023 டிசம்பரில் கேம் அவார்ட்ஸ் மேடையில் அறிவித்தார்கள், 'ஜெட் செட் ரேடியோ', 'ஷினோபி', 'கோல்டன் ஆக்ஸ்', 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ்' ஆகியவற்றோடு சேர்த்து. அதில் 'ஷினோபி' 2025 ஆகஸ்ட்டில் வந்தும்விட்டது. டாக்ஸி விஷயத்தில் பெரிய திறந்த உலகம், ஏகப்பட்ட பேர் ஒன்றாக ஓட்டலாம் என்று சேகா தரப்பிலேயே பேசியிருக்கிறார்கள். கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. இஷ்டப்பட்ட நேரம் சுற்றலாம் என்றால் அவசரம் எங்கிருந்து வரும்? பழைய கேமில் 3 நிமிடம், 5 நிமிடம், 10 நிமிடம் என்று ஆட்டத்துக்கு அளவு வைத்துக்கொள்ளும் வசதி இருந்தது. அதை மட்டும் மெனுவில் ஏதாவது ஒரு மூலையில் வைத்துவிட்டால் போதும், மீதி ஊரை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும்.