ஒரு கால் படியில், ஒரு கால் தரையில்: பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்தால் இழப்பீடு உண்டா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது, பூ கட்டி விற்கிறார். 12 நாள் முன்பு டவுன் பஸ்ஸில் பின்படி வழியாக இறங்கினார். ஒரு கால் தரையில் வைத்ததுமே விசில் அடித்து வண்டியை எடுத்துவிட்டார்கள். விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகியிருக்கிறது. 'ஓடுற பஸ்ஸிலிருந்து குதிச்சாங்க' என்கிறார் கண்டக்டர். ஸ்டேஷனில் 'மகளிர் இலவச டிக்கெட், பஸ்ஸுக்கு இன்சூரன்ஸும் கிடையாது, கேஸ் நிக்காது' என்று அனுப்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் ஒருவர் 10 லட்சம் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். நம்பலாமா?
– வாசகர், மதுரை மாவட்டம்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நம்பாதீர்கள்.

ஸ்டேஷனில் சொன்ன இரண்டு காரணமும் செல்லாது. டிக்கெட்டில் பூஜ்யம் என்று அச்சடித்திருப்பதால் அம்மாவின் எலும்பு பூஜ்யமாகிவிடாது. அந்தப் பயணத்துக்கான காசை அரசு, போக்குவரத்துக் கழகத்துக்குக் கொடுக்கிறது. அந்தச் சீட்டு இன்னும் சுருக்குப் பையில் கிடந்தால் பத்திரப்படுத்துங்கள். எந்த வழித்தடம், எந்த நேரம் என்பதற்கு அதுவே சாட்சி. இன்சூரன்ஸ் இல்லை என்பது பெரும்பாலான அரசுப் பேருந்துகளுக்கு உண்மைதான். சட்டமே அந்த விலக்கைக் கொடுத்திருக்கிறது. ஆனால் அப்போது கழகமே கைக்காசிலிருந்து கட்ட வேண்டும் என்பதுதான் அதன் பொருள்.

இனி அந்த வாசல் ஆள். இவர்கள் எலும்பு வார்டில் படுக்கை படுக்கையாக வருவார்கள், ஆரஞ்சுப் பழத்தோடு. வழக்கறிஞரை நியமிக்கும் வக்காலத்துப் படிவத்தை நிரப்பாமலே நீட்டி, அதிலும் வெள்ளைத்தாளிலும் கையெழுத்து கேட்பார்கள். அம்மா பெயரில் புதுக் கணக்கு தொடங்கி பாஸ்புக்கையும் ஏ.டி.எம். கார்டையும் தாங்களே வைத்துக்கொள்வார்கள். வரும் தொகையில் இத்தனை சதவீதம் என்று பேசி ஃபீஸ் வாங்க வழக்கறிஞருக்கே பார் கவுன்சில் விதி இடம் தரவில்லை. இந்த ஆளுக்கு எங்கிருந்து வந்தது அந்த உரிமை? இதைவிட மோசமான ஒன்றும் சொல்வார்கள்: 'கவர்மென்ட் பஸ் பணம் வர வருஷக்கணக்காகும், இன்சூரன்ஸ் உள்ள பைக் ஒண்ணை மாட்டிவிட்டுடலாம்.' ஒத்துக்கொண்டால் இழப்பீடு போவதோடு அம்மாவே மோசடி வழக்கில் குற்றவாளி ஆவார்.

உங்களுக்கு இலவசமாகவே வழக்கறிஞர் கிடைப்பார். பெண்ணுக்கு வருமான வரம்பே கிடையாது. நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு எழுதிக் கொடுங்கள்.

அடுத்து மருத்துவமனையின் ஏ.ஆர். நகலை வாங்கிப் படியுங்கள். அந்த விபத்துப் பதிவேட்டில் பணி மருத்துவர் எழுதும் இரண்டு வரியில்தான் பாதி வழக்கு இருக்கிறது. 'இறங்கும்போது பஸ் கிளம்பியதால் விழுந்ததாக' என்றிருந்தால் நல்லது. 'தவறி விழுந்ததாக' என்றிருந்தால் பதறாதீர்கள், அழைத்து வந்தவர் யார் என்ற இடத்தைப் பாருங்கள். என்னிடம் வந்த ஒரு வழக்கில் அங்கே எழுதியிருந்தது அந்த பஸ் கண்டக்டரின் பெயர்தான்! குறுக்கு விசாரணையில் அந்த ஒரு பெயரே போதுமானதாக இருந்தது.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன், ஏனென்றால் எதிர்த்தரப்பு இதைத்தான் கேட்கும். இறங்கியது நிறுத்தத்திலா, சிக்னலிலா? நிறுத்தத்தில் நின்ற பஸ் என்றால், எல்லாரும் இறங்கினார்களா என்று பார்த்து விசில் கொடுப்பது கண்டக்டர் வேலை. சிக்னலில் நின்றபோது வீடு பக்கம் என்று அம்மாவாகவே இறங்கியிருந்தால் அவர் பங்குக்கும் தவறு உண்டு என்று, இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் ஒரு பகுதியைக் கழிக்கும். அதற்காக இழப்பீட்டையே முழுதாக மறுத்துவிட வேண்டியதில்லை. 'இறங்கும்மா, இறங்கு' என்று கண்டக்டரே அங்கே இறக்கிவிட்டிருந்தால் கணக்கு திரும்பவும் மாறும். எதுவானாலும் நடந்ததையே சொல்லுங்கள். சிக்னலை நிறுத்தமாக்கிய ஒரு பொய், கேமராப் பதிவு வந்த அன்று முழு வழக்கையும் கொண்டுபோய்விடும்.

புகாரை வாங்க மறுத்தால் எழுத்தில் கொடுத்து, புகார் வந்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். அதற்கும் மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், பிறகு மாஜிஸ்திரேட். போலீசே விபத்து அறிக்கையை 3 மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. சொல்லிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் காத்திருக்காதீர்கள், விபத்து நடந்த 6 மாதத்துக்குள் உங்கள் மனு உள்ளே போக வேண்டும். 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறது, அதை நம்பி உட்கார வேண்டாம்.

தொகை? வருமான இழப்பை ஓராண்டுக்குக் கணக்கிட்டு, வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்குவார்கள்; 56 முதல் 60 வயதுவரை அந்தப் பெருக்கு எண் 9. மாத வருமானம் 10,000, உழைக்கும் திறனில் இழப்பு 20 சதவீதம் என்று தீர்ப்பாயம் ஏற்றால் 2,16,000 ரூபாய். மருத்துவச் செலவு, வலி, உடனிருந்து பார்த்தவர் செலவு, வட்டி தனி. அந்த ஆள் சொல்லும் 10 லட்சம் எங்கிருந்து வரும் என்று நீங்களே பாருங்கள். யார் தவறு என்று நிரூபிக்காமலே கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் பெற மோட்டார் வாகனச் சட்டத்தில் 164-வது பிரிவு இருக்கிறது, எலும்பு முறிவு கொடுங்காயம்தான். ஆனால் அதை ஏற்று வாங்கினால் தீர்ப்பாயத்தில் போட்ட இழப்பீட்டு மனு அத்தோடு முடிந்துவிடும். அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

தீர்ப்பு வந்த பிறகும் கழகம் இழுத்தடிக்கும். கட்டாத பணத்துக்காக கோர்ட் அமீனா பேருந்து நிலையத்துக்கே போய் பஸ்ஸை ஜப்தி செய்து ஓட்டிவருவதை நீங்களும் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். தீர்ப்புத் தொகையை வசூலித்துத் தரக் கேட்கும் நிறைவேற்று மனு போடாமல் பணம் வந்த வழக்குகளை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன்.

அது பிறகு. நாளைக் காலை அந்த நிறுத்தத்துக்கு எதிரே உள்ள கடைகளுக்குப் போய் கேமரா இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். 12 நாள் ஏற்கெனவே போய்விட்டது.