சட்டை தூக்கிக் கொடுக்குமா?

கேள்வி: வயது 24. மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் வேலை, சாயங்காலம் ஜிம். ஒன்றரை வருடமாகப் பவர்லிஃப்டிங் செய்கிறேன். உடல் எடை 72 கிலோ. ஸ்குவாட் (பாரை முதுகில் வைத்து உட்கார்ந்து எழுவது) 150, பெஞ்ச் (படுத்து நெஞ்சிலிருந்து தள்ளுவது) 95, டெட்லிஃப்ட் (தரையிலிருந்து இழுத்துத் தூக்குவது) 180. நான்கு மாதத்தில் முதல் போட்டி. ஜிம்மில் ஒரு அண்ணன், “எக்விப்ட் பிரிவுல ஆளே வராது. சூட்டும் பெஞ்ச் சட்டையும் போட்டா மெடல் உறுதி. என் பழைய செட்டைத் தாறேன், விலை பேசிக்கலாம்” என்கிறார். வீட்டில் தாத்தாவோ, “இளவட்டக்கல் தூக்கினவன் பெல்ட்டா கட்டினான்?” என்று சிரிக்கிறார். யார் சொல்வது சரி? இடது முட்டிலும் கொஞ்ச நாளாக வலி இருக்கிறது. ராப் (இறுக்கிச் சுற்றும் பட்டை) சுற்றினால் சரியாகுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: இந்தப் போட்டிக்கு கிளாசிக் பிரிவில், அதாவது சூட்டும் பெஞ்ச் சட்டையும் இல்லாமல் தூக்கும் பிரிவில் பெயர் கொடுங்கள், தம்பி. செட் அண்ணனிடமே இருக்கட்டும். எக்விப்ட் பிரிவு மட்டமானது என்று சொல்லவில்லை. அது வேறு வித்தை. நான்கு மாதத்தில் கைக்கு வராது, அதுவும் தனியாக வரவே வராது.

முதலில் தாத்தாவுக்குப் பதில். இளவட்டக்கல் வழுக்கினால் கையை விட்டுவிட்டு விலகிக்கொள்ளலாம். ஸ்குவாட்டில் 150 கிலோ முதுகின் மேல் உட்கார்ந்திருக்கும், அவ்வளவு லேசில் விலக முடியாது. பெல்ட் அந்த எடையைத் தாங்குவதில்லை. மூச்சை வயிற்றுக்குள் இழுத்து அடைத்ததும் வயிறு நாலா பக்கமும் விரியப் பார்க்கும். பெல்ட் அதற்குச் சுவர் போல நிற்கும். உள்ளே அழுத்தம் ஏறி முதுகு அசையாமல் நிற்கும். ஆகவே மூச்சு அடைக்கத் தெரியாதவனுக்கு பெல்ட் வெறும் தோல்வார்தான். சரியாகக் கட்டியிருக்கிறோமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கட்டிய பெல்ட்டுக்குள் ஒரு விரல் நுழைய வேண்டும், மூச்சை அடைத்ததும் அந்த விரல் நெரிபட வேண்டும். வயிற்றை உள்ளிழுத்துக் கடைசித் துளைவரை இறுக்கினால் விரிய இடமே இருக்காது. உங்கள் அளவுக்கு ஸ்குவாட்டில் 115 கிலோவுக்கு மேல் கட்டினால் போதும், வார்ம்அப்புக்கு வேண்டாம்.

சர்வதேச பவர்லிஃப்டிங் கூட்டமைப்பான ஐ.பி.எஃப். விதிப்படி கிளாசிக் பிரிவில் அனுமதி உள்ளவை கொஞ்சம்தான். பெல்ட் 10 செ.மீ. அகலம், 13 மி.மீ. கனத்துக்குள் இருக்க வேண்டும். நீ ஸ்லீவ் (முட்டில் மாட்டும் உறை) 7 மி.மீ. கனம், 30 செ.மீ. நீளத்துக்கு மேல் கூடாது. மணிக்கட்டில் சுற்றும் ரிஸ்ட் ராப் 1 மீட்டர் வரை. சிங்லெட்டும் (உடம்போடு ஒட்டிய ஒற்றை உடை) டெட்லிஃப்ட்டுக்கு முழங்காலுக்குக் கீழே நிற்கும் நீள சாக்ஸும் கட்டாயம். முட்டில் சுற்றும் நீ ராப் கிளாசிக்கில் கிடையாது. நம் ஊர்ப் பக்கம் போட்டி நடத்தும் அமைப்புகள் பல, விதிகளும் மாறும். அறிவிப்பில் எந்த விதி என்று பார்த்துவிட்டுத்தான் பணம் செலவழிக்க வேண்டும். 13 மி.மீ. பெல்ட் ஆரம்பத்தில் விலாவைக் குத்தும், 10 மி.மீ. உங்களுக்குத் தாராளம்.

இனி சூட், சட்டை விஷயம். ரப்பர் தோட்டத்தில் வேலை செய்பவருக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை, இழுத்தால் திரும்பி இழுக்கும். ஐ.பி.எஃப். அனுமதிப்பது ஒற்றை அடுக்குத் துணிதான், பெரும்பாலும் பாலியஸ்டர். பருத்தி பனியன் மாதிரி அது நெகிழாது. நீங்கள் கீழே இறங்க இறங்க எடையின் பலத்தால்தான் இழுபடும். முழுதாக இழுபட்டிருக்கும் அடிமட்டத்தில் அதிகமாகத் தள்ளிக் கொடுக்கும், மேலே வர வர உதவி குறைந்து, கடைசியில் ஒன்றுமே இராது. அதனால் துணி உங்கள் பலவீனத்தை மூடிவிடுவதில்லை, இடம் மாற்றி வைக்கிறது. சட்டை இல்லாத பெஞ்சில் நெஞ்சிலிருந்து நாலைந்து விரல் உயரத்தில் திணறுவீர்கள். சட்டை போட்டால் அந்த இடத்தைச் சுலபமாகத் தாண்டி, கை நீளும் கடைசிக் கட்டத்தில் மாட்டுவீர்கள். வெறும் உடம்பில் ஒருநாளும் பிடித்திராத எடையை அங்கே ட்ரைசெப்ஸ் (மேல்கையின் பின்பக்கத் தசை) ஒற்றையாளாகச் சுமக்க வேண்டும். மூன்று லிஃப்ட்டில் பெஞ்சுக்குத்தான் பலன் அதிகம், அடுத்தது ஸ்குவாட். டெட்லிஃப்ட்டில் சூட் கொடுப்பது சொற்பம். குனிந்து பாரைப் பிடிக்கவே விடாமல் இடுப்பை மேலே தூக்கும், பிடிமானத்துக்கோ எந்த உதவியும் செய்யாது. கையில் ஸ்ட்ராப் கட்டப் போட்டியில் அனுமதி இல்லை.

பெஞ்ச் சட்டை போடுவதையே பாருங்கள். இரண்டு பேர் வேண்டும். கையை நீட்டி நிற்க, அவர்கள் துணியை அக்குள்வரை மடிப்பு மடிப்பாக இழுத்து ஏற்றுவார்கள். தையல் கை நெடுக ஒரே கோட்டில் ஓட வேண்டும். ஒரு பக்கம் இரண்டு செ.மீ. முறுக்கிக்கொண்டாலும் பார் சாய்ந்து இறங்கும். கழுத்துப் பட்டை எவ்வளவு கீழே இழுக்கப்படுகிறதோ அவ்வளவுக்குப் பார் நெஞ்சைத் தொடுவது கடினமாகும். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்த்த உடம்பில் துணி ஒட்டிக்கொண்டு நகரவே நகராது. ஈரம் துடைத்து டால்கம் பவுடர் போட்டுக்கொள்ளலாம், எண்ணெய் கூடாது.

அப்புறம் படுத்துப் பாரை எடுத்தால், உங்கள் 95 கிலோ அரை அடி உயரத்திலேயே நின்றுவிடும். துணி இறங்க விடாது. நெஞ்சைத் தொட வைக்கவே அதைவிடக் கூடுதல் எடை போட வேண்டும். தொடாத லிஃப்ட் செல்லாது. 2023 முதல் ஐ.பி.எஃப். விதியில் இன்னொன்றும் சேர்ந்தது: பார் நெஞ்சைத் தொடும்போது முழங்கையின் அடிப்பகுதி தோள் மூட்டின் மேல்மட்டத்துக்குச் சமமாகவோ கீழாகவோ இறங்க வேண்டும். பெஞ்சில் மூன்று முயற்சியும் போனால் மூன்று லிஃப்ட்டும் சேர்ந்த மொத்தமே கிடையாது. ஆளே வராத பிரிவில் மெடல் உறுதி என்றாரே அண்ணன், கைநழுவுவது இந்த இடத்தில்தான். ஆபத்தும் இங்கேதான். சட்டைக்கென்று ஒரு தடம் உண்டு, பார் மார்பின் அடியை நோக்கி இறங்க வேண்டும். பயந்துபோய் முழங்கையை விரித்தால் துணி பாரை முகத்தின் பக்கம் இழுக்கும். ரொம்பக் கீழே விட்டால் வயிற்றில் விழும். அதனால்தான் முதலில் நெஞ்சின் மேல் மூன்று பலகை அடுக்கி அதுவரை மட்டும் இறக்கி, பிறகு இரண்டு, பிறகு ஒன்று என்று வாரக்கணக்கில் பழக்குகிறார்கள். இரு ஓரமும் ஒருவர், தலைமாட்டில் ஒருவர், மூன்று பேர் இல்லாமல் சட்டைப் பயிற்சியே வேண்டாம். போன் பார்த்துக்கொண்டு நிற்பவர் இந்தக் கணக்கில் சேர மாட்டார்.

அந்த மூன்று பேரும், சட்டையில் பழகிய ஒரு மாஸ்டரும் கிடைத்தால் அடுத்த வருடம் பார்க்கலாம். அப்போதும் வருடத்தில் பெரும்பகுதி வெறும் உடம்போடுதான் பயிற்சி. போட்டிக்கு 8 முதல் 12 வாரம் முன்பு, ஒவ்வொரு லிஃப்ட்டுக்கும் வாரம் ஒருநாள் மட்டும் துணி. சூட்டில் முதல் இரண்டு வாரம் அதன் தோள் வார்களைக் கழற்றிவிட்டு, பிறகு மாட்டுவது வழக்கம்.

பழைய செட் வாங்கத்தான் வேண்டும் என்று தோன்றினால், அண்ணனின் எடையைக் கேளுங்கள். 85 கிலோக்காரரின் சட்டை உங்களுக்குத் தொளதொளக்கும், பலன் இருக்காது. அக்குள் தையலை வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பாருங்கள். ஊசித் துளைகள் நீண்டு ஓவலாகியிருந்தால் அது எந்த நேரமும் கிழியும். லிஃப்ட்டின் நடுவில் கிழிந்தால் அதுவரை துணி தாங்கிய எடை ஒரு நொடியில் உங்கள் கைக்கு வரும். தையல்காரரிடம் கொடுத்து உள்ளே பட்டை வைத்திருந்தால் போட்டிச் சோதனையில் தள்ளிவிடுவார்கள்.

முட்டுக்கு வருவோம். ராப் வலியைக் குணமாக்காது, மறைக்கும். 2 மீட்டர் பட்டையை முழுக்க இழுத்துச் சுற்றினால் முட்டுச்சில் உள்ளே அமுக்கப்படும். ஏற்கெனவே எரிச்சல் உள்ள இடத்தில் அது வேலையைக் கெடுக்கத்தான் செய்யும். வலி சில்லுக்குக் கீழே ஒரு விரல் வைத்துக் காட்டுகிற இடத்தில்தான் என்றால், தசைநார் மேல் சுமை அதிகமாகியிருக்க வாய்ப்பு அதிகம். சரிவில் மரம் மரமாக ஏறி இறங்கும் வேலையும் அதில் சேரும். மூன்று வாரத்துக்கு ஸ்குவாட்டை 90–100 கிலோவில் வைத்து, மூன்று எண்ணி இறங்குங்கள். மறுநாள் காலை வலி கூடியிருந்தால் எடையைக் குறையுங்கள். நீ ஸ்லீவ் போடலாம், சூடு தரும். வீக்கம், முட்டு பூட்டிக்கொள்வது, திடீரென மடங்கிக் கொடுப்பது இவற்றில் ஒன்று இருந்தால்கூட ஜிம்முக்குப் போகாமல் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

உங்கள் 95 கிலோ பெஞ்ச் நெஞ்சில் நிறுத்தி எடுத்ததா? நடுவர் ‘பிரஸ்’ சொல்லும்வரை அசையாமல் நிற்க வேண்டும். நெஞ்சில் தட்டி எழுப்பியதென்றால் 90 என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். முட்டு சரியானதும் ஆறு வாரம் 6 ரெப் (தொடர்ந்து ஆறு தடவை தூக்குவது), 4 செட் (அப்படி நான்கு சுற்று). ஸ்குவாட் 105-இல் தொடங்கி வாரம் 2.5 கிலோ ஏற்றுங்கள். அடுத்த ஐந்து வாரம் 3 ரெப், 5 செட், 120 முதல் 130 வரை. கடைசியில் ஒற்றை ரெப்கள், 140-ஐத் தாண்ட வேண்டாம். போட்டி வாரம் லேசாக. பெஞ்ச் வாரம் இரண்டு நாள், எல்லாமே நிறுத்தி. கனமான டெட்லிஃப்ட்டை வெட்டு இல்லாத நாளுக்கு ஒதுக்குங்கள். முதுகு வளைந்து நின்ற காலைக்குப் பிறகு 160 கிலோ இழுப்பது வம்பு.

74 கிலோ பிரிவுக்கு எடை குறைக்க வேண்டியதே இல்லை, மரச்சீனியும் மீன் குழம்பும் வழக்கம்போல் தொடரட்டும். எடை பார்ப்பது போட்டி தொடங்க இரண்டு மணி நேரம் முன்பு. அதன்பின் இரண்டு மட்டிப்பழமும் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரும் போதும். ஸ்குவாட் முதல் முயற்சி 137.5 கிலோ, அதாவது மூன்று ரெப் எடுக்க முடிந்த எடை. அடுத்தது 145. மூன்றாவதை இரண்டாவது எப்படிப் போனது என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அன்று காலை யாராவது அக்கறையாக முட்டுக்கு வர்மத் தைலம் தேய்த்துவிட வந்தால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். உடம்பில் எண்ணெய் இருந்தால் மேடையேற விட மாட்டார்கள். சாக்ஸ் இரண்டு ஜோடி எடுத்துப் போங்கள், மழைக்காலமென்றால் பெல்ட்டை முந்தின வாரமே நிழலில் காய வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் தோல் பூஞ்சை பிடிக்க ஒரு வாரம்கூட ஆகாது.