உள்ளாட்சித் தேர்தல் சட்டத் திருத்தத்தை ஆளுநர் ஆட்சேபித்துத் திருப்பி அனுப்புவது சரியா?

திருப்பி அனுப்புவது சரி. திரும்பி வந்த பிறகும் கிடப்பில் போடுவது தவறு. என் பதில் இவ்வளவுதான் என்றாலும், குஜராத்தில் நடந்ததைச் சொன்னால்தான் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு விளங்கும்.

2009 டிசம்பரில் குஜராத் சட்டப்பேரவை உள்ளாட்சிச் சட்டங்களைத் திருத்தும் மசோதா ஒன்றை நிறைவேற்றியது. மாநகராட்சி, நகராட்சி, பஞ்சாயத்துத் தேர்தல்களில் வாக்களிப்பதைக் கட்டாயமாக்கிய அந்த மசோதா, உள்ளாட்சி இடங்களில் பெண்களுக்கான ஒதுக்கீட்டை 50 சதவீதமாக உயர்த்தவும் வழி செய்தது. அப்போதைய ஆளுநர் கமலா பெனிவால் 2010இல் அதைத் திருப்பி அனுப்பினார். ஒருவரை வாக்களிக்கும்படி வற்புறுத்துவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்கு முரணானது என்பதும், பெண்களுக்கான ஒதுக்கீட்டை அதிலிருந்து பிரித்துத் தனியாகக் கொண்டுவர வேண்டும் என்பதும் அவர் முன்வைத்த கருத்துகள்.

மத்தியில் காங்கிரஸ் கூட்டணி, மாநிலத்தில் பாஜக என்ற சூழலில் இதைக் கட்சி அரசியலாகவே பலரும் பார்த்தார்கள். ஆனால், யார் நியமித்த ஆளுநர் என்பதை ஒதுக்கிவிட்டுக் காரணங்களை மட்டும் படித்தால், அவை வலுவானவை என்றே நான் கருதுகிறேன். வாக்குரிமையைக் கடமையாக மாற்றி, வாக்களிக்காதவரைத் தண்டிக்க முனைவது சிறிய திருத்தம் அன்று. மேலும், பெரும்பாலோர் வரவேற்கும் ஒன்றையும் கடும் சர்ச்சைக்குரிய ஒன்றையும் ஒரே மசோதாவில் பிணைத்தால், முன்னதை ஆதரிப்பவர் பின்னதையும் சேர்த்தே விழுங்க நேரிடுகிறது.

ஆயினும் 2011இல் பேரவை மசோதாவை மீண்டும் நிறைவேற்றியபோது நிலைமை மாறிவிட்டது. அரசியலமைப்பின் 200ஆம் பிரிவு இதில் தெளிவாக இருக்கிறது: ஆளுநர் மறுபரிசீலனைக்குத் திருப்பிய மசோதாவைப் பேரவை திருத்தத்தோடோ திருத்தமின்றியோ மீண்டும் நிறைவேற்றி அனுப்பினால், அவர் ஒப்புதலை நிறுத்திவைக்கக் கூடாது. மக்கள் தேர்ந்தெடுத்த அவையின் முடிவை நியமனப் பதவியில் இருப்பவர் ஒருமுறை கேள்வி கேட்கலாம், முடக்கிப்போட முடியாது. அப்படியிருந்தும் ஒப்புதல் கிடைக்க 2014 நவம்பர் வரை ஆயிற்று, அப்போது ஓ.பி. கோலி ஆளுநராக இருந்தார். ஆளுநர் மாறியதும் ஒப்புதல் கிடைத்தது என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. சட்டத்தின் தகுதி பதவியில் இருப்பவரைப் பொறுத்து மாறக் கூடாது.

சட்டம் தவறானது என்றால் அதைச் சொல்ல நீதிமன்றம் இருக்கிறது. அதுவே நடந்தது. வாக்களிக்காதவருக்கு 100 ரூபாய் அபராதம் என்று மாநில அரசு 2015இல் விதி வகுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் குஜராத் உயர் நீதிமன்றம் கட்டாய வாக்களிப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது. மசோதா தேங்கிக் கிடந்த ஆண்டுகளில் பெண்களுக்கான 50 சதவீத ஒதுக்கீடும் அதோடு சேர்ந்தே தேங்கியது. அந்த ஒதுக்கீடு இல்லாமலேயே 2010 உள்ளாட்சித் தேர்தல் நடந்து முடிந்தது. ஆளுநர் கேட்டபடி பேரவை அதைத் தனி மசோதாவாக உடனே கொண்டுவந்திருந்தால், அந்தத் தேர்தலிலேயே கூடுதலான பெண்கள் உள்ளாட்சி மன்றங்களுக்குள் வந்திருக்க வாய்ப்பு இருந்தது.