வாசகர் கேள்வி – பதில்: தானியங்கிக் கணக்குக்கு அடையாளம் வேண்டுமா?

கேள்வி: நீர்ப்பாசனத் திணைக்களம் வெளியிடும் களனி கங்கையின் நாகலகம் வீதி அளவீட்டு நிலைய நீர்மட்டத்தைத் தமிழில் தானாகவே பதிவிடும் கணக்கொன்றை எக்ஸ் தளத்திலும் மஸ்டொடோனிலும் நடத்துகிறேன். தானியங்கி என்று காட்டினால் மக்கள் நம்பமாட்டார்கள் என நண்பர்கள் தடுக்கிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: தயங்காமல் அடையாளத்தை இடுங்கள். கொலன்னாவையிலோ வெல்லம்பிட்டியிலோ வசிக்கும் ஒருவர் வீட்டைவிட்டு வெளியேறுவதா என்பதை உங்கள் பதிவைப் பார்த்துத் தீர்மானிக்கக்கூடும். அந்த எண்ணை மனிதர் ஒருவர் சரிபார்த்தாரா, நிரல் எடுத்துப் போட்டதா என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

டுவிட்டர் என்ற பெயர் இருந்த காலத்தில், 2021இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கி 2022இல் பரவலாக்கப்பட்ட வசதி ஒன்று எக்ஸ் தளத்தில் உண்டு. கணக்கு அமைப்புகளில் உங்கள் சொந்தக் கணக்கை நிர்வாகக் கணக்காக இணைத்தால், தானியங்கி என்ற குறியோடு அதை நடத்துபவரின் கணக்கும் முகப்பில் தெரியும். மஸ்டொடோனில் சுயவிவரத்தைத் திருத்தும் பகுதியில் ஒரு பெட்டியைத் தெரிவு செய்தால் குறி வந்துவிடும். ஆனால் நடத்துபவர் யாரென்பதை அறிமுகக் குறிப்பில் நீங்களே எழுத வேண்டும். அதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். தவறு நேரும்போது யாரிடம் முறையிடுவது என்று தெரியாவிட்டால், குறி இருந்தும் வாசகருக்குப் பெரிய பயன் இல்லை.

மூல இணையத்தளம் முடங்கினால் நிரல் பழைய நீர்மட்டத்தையே புதியதுபோல் மீண்டும் பதிவிடக்கூடும். உங்கள் கணக்கால் விளையக்கூடிய ஆகப் பெரிய தீங்கு இதுதான். ஆகவே அளவீடு எடுக்கப்பட்ட நேரத்தை ஒவ்வொரு பதிவிலும் சேருங்கள். அளவீடு பழையதாகிவிட்டால் எண்ணை நிறுத்தி, ‘புதிய தரவு கிடைக்கவில்லை’ என்ற வரியோடு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தையும் தரும்படி நிரலை அமையுங்கள். கணக்கை உடனே நிறுத்தும் அனுமதி நம்பிக்கையான இன்னொருவரிடமும் இருக்கட்டும். மக்கள் கேட்கும் கேள்விகளுக்கு நீங்களே, உங்கள் பெயரில் பதில் எழுதுங்கள்.

நண்பர்களின் அச்சத்துக்கு விக்கிப்பீடியா நல்ல மறுமொழி. அங்கே தானியங்கிகள் சமூகத்தின் ஒப்புதலைப் பெற்று, தனிக் கணக்கில், குறியோடு இயங்குகின்றன. அந்தக் குறி ஓர் அங்கீகாரமாகவே கொள்ளப்படுகிறது.

கேள்வி: அடையாளமில்லாத தானியங்கிகளைச் சட்டம் தடுக்காதா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: இலங்கையின் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம், அச்சட்டத்தின்கீழ் குற்றமாகும் கூற்றுகளைப் பரப்பும் நோக்குடன் தானியங்கியை உருவாக்குவதைக் குற்றமாக்குகிறது, எல்லாத் தானியங்கிகளுக்கும் குறி இடும்படி அது கேட்கவில்லை. கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள சட்டமோ, பொருளை விற்கவோ வாக்கைத் திருப்பவோ தானியங்கியை மனிதராகக் காட்டி ஏமாற்றுவதைத் தடை செய்கிறது. தானியங்கி என்று தெளிவாக அறிவித்துவிட்டால் பொறுப்பு நீங்கும். கருத்தின் மீது கைவைக்காமல், பேசுவது யாரென்று மட்டும் கேட்கும் இந்த வழியே நமக்கும் ஏற்றது என்பது என் உறுதியான எண்ணம்.

அப்படியொரு சட்டம் இங்கு வரும்வரை, தேர்தல் காலத்தில் ஒரே வாசகம் பல கணக்குகளிலிருந்து ஒரே நிமிடத்தில் வருவதைக் கண்டால், பதில் எழுதாமல் தளத்திடம் முறையிடுங்கள். மறுத்து எழுதும் பதிலும் அந்தப் பதிவை மேலும் பலரிடம் கொண்டுசேர்க்கக்கூடும்.